மாப்பிள்ளைக்கு இடிக்கவில்லை

"பேசக் கூடாதுன்னா பேசக் கூடாது. அவ்வளவுதான்."

"ஒரு வார்த்தைகூடவா அக்கா?"

"ஒரு வார்த்தைகூட."

"தலையாவது ஆட்டலாமா?"

"ஆட்டாதே. நீ தலையாட்டினா அதையும் உன் யோசனைன்னு எழுதிக்குவாங்க."

"இருமல் வந்தா?"

"முழுங்கு."

படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று இருவரும் மூச்சு வாங்கினார்கள். அது லிஃப்ட் செய்கிற கம்பெனி. ஊரில் பாதிக் கட்டடங்களில் மேலும் கீழும் போய்வருகிற பெட்டிகள் அங்கே பிறந்தவைதான். கம்பெனியின் சொந்த லிஃப்டில் மட்டும் 'பராமரிப்பில் உள்ளது' என்ற அட்டை தொங்கியது. தொங்கித் தொங்கி அட்டையே பழுப்பேறிவிட்டது. அதனால் கூட்ட அறைக்குப் போகிறவர்கள் மாடி மாடியாக ஏறித்தான் ஆக வேண்டும். மேலே போய்ச் சேரும்போது யாருக்கும் வாதாடத் தெம்பு மிச்சமிருக்காது. மேலாளரின் அறை அதே மாடியில் இருந்தது. அவருக்கு மட்டும் தெம்பு இருந்தது.

பேசக் கூடாது என்று சொன்னவளை அலுவலகத்தில் கதவுக்காரி என்பார்கள். கதவுச் சோதனைப் பிரிவில் மூத்த இன்ஜினியர். லிஃப்டின் கதவு ஒழுங்காகத் திறக்கிறதா, மூடுகிறதா, நடுவில் யாராவது நுழைந்தால் மரியாதையாக நிற்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. பார்ப்பது வரை எந்தச் சிக்கலும் இருந்ததில்லை. சொல்லும் இடத்தில்தான் வந்தது.

பேசக் கூடாது என்று சொல்லப்பட்டவன் அதே பிரிவில் அவளுக்குப் பின்னால் சேர்ந்தவன். கூட்டத்தில் எப்போதும் அவளுக்கு அடுத்த நாற்காலி. அவனுக்கு ஸ்பீக்கர் என்று பெயர். பெண்கள் வைத்த பெயர், ஆண்களுக்குத் தெரியாது.

அந்தப் பெயர் வந்த கதை சின்னதுதான். முன்னொரு கூட்டத்தில் கதவுக்காரி, "சக்கர நாற்காலில வர்றவங்களுக்கு பட்டன் எட்டல சார், கொஞ்சம் கீழே இறக்கலாம்" என்றாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஏசி மட்டும் உறுமியது. யாரோ பிஸ்கட் தட்டை நகர்த்தினார்கள். அவள் சொன்னாளா, சொல்லலாம் என்று நினைத்தாளா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்போது பக்கத்தில் இருந்தவன், தனக்குள் சொல்லிப் பார்ப்பதுபோலக் கொஞ்சம் உரக்க, "ஆமா, பட்டனைக் கீழே இறக்கலாம்" என்றான்.

மேலாளர் மேசையைத் தட்டினார். "பிரமாதம் தம்பி! இது ஏன் இத்தனை நாளா ஒருத்தருக்கும் தோணல?"

தம்பி பதறிப்போனான். நல்ல பையன். உடனே, "இது அக்கா சொன்னது சார்" என்றான்.

"பாருங்க, இந்தத் தன்னடக்கம்தான் இவன்கிட்ட எனக்குப் பிடிச்சது" என்றார் மேலாளர். பட்டன் இறங்கியது. தம்பி ஏறினான்.

அதற்குப் பிறகு பெண்களுக்கு வழி தெரிந்துவிட்டது. கழிப்பறைத் தாழ்ப்பாள் ஆடினாலும், வண்டி நேரத்துக்கு வராவிட்டாலும், பட்டறையில் கொடுக்கிற கையுறைகள் எல்லாம் ராட்சசக் கைக்குத் தைத்தவையாக இருந்தாலும், தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவனைப் பிடித்துக் காதில் போட்டார்கள். அவன் கூட்டத்தில் வாய் வழியே எடுத்தான். காரியம் நடந்தது. ஸ்டோர் ரூம் பொறுப்பில் இருந்த அக்கா, "தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடற மாதிரி இவன் தொண்டைக்கும் ஏதாவது குடுத்து வைக்கணும்டி. இவனுக்குத் தொண்டை கட்டினா நம்ம கதி அவ்வளவுதான்" என்பாள். கொடுக்கவும் கொடுத்தாள். வெந்நீர் பிளாஸ்க் ஒன்று அவன் மேசையில் இருந்தது.

ஆண்டு விழாவில் மேடையேற்றி அவனுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். 'பெண்களின் குரலுக்கு இடம் கொடுத்தவர்' என்று பொறித்திருந்தது. பெண்கள்தான் பலமாகக் கைதட்டினார்கள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியதில் ஸ்டோர் அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, எவ்வளவு நெகிழ்ந்துபோனார்கள் பாருங்கள் என்று மைக்கில் சொன்னார்.

கதவுக்காரியும் அன்றைக்குச் சிரித்தாள். வேலை நடந்தால் போதும், யார் வாயிலிருந்து வந்தால் என்ன என்று அப்போது அவளுக்குத் தோன்றியிருந்தது. தன் சொற்கள் பறவைகள்போல ஒரு ஜன்னலில் புறப்பட்டு இன்னொரு ஜன்னலில் போய் உட்காருவதாக நினைத்துக்கொண்டால், அதில் ஓர் அழகுகூட இருந்தது. ஆனால் பறவைகளுக்குத் தீனி வைத்தவள் பெயரைக் கேட்பாரில்லை என்பது மெதுவாகத்தான் உறைத்தது. சோதனைப் பிரிவுக்குத் தலைவர் பதவி ஒன்று புதிதாக வரப்போகிறது என்று பேச்சு எழுந்தபோது மேலாளர் அவளைக் கூப்பிட்டு, "தம்பியை நீங்கதான்மா கொண்டு வந்தீங்க. நாளைக்கு அவனே உங்களுக்கு மேலே வந்தாலும் உங்களுக்குச் சந்தோஷமாத்தானே இருக்கும்? அந்த மனசு எல்லாருக்கும் வராது" என்றார். இல்லாத மனசுக்குப் பாராட்டு வாங்கிக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

அந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரி லிஃப்ட் சோதனைக்கு வந்தது. நோயாளியைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிற நீளமான லிஃப்ட்.

பட்டறையில் கதவைச் சோதிப்பதற்கு மரத்தில் செய்த ஓர் ஆள் உருவம் உண்டு. கம்பெனி தொடங்கிய காலத்திலிருந்து அதே உருவம்தான். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். தானாக நகராது, நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு வர வேண்டும், எதையும் செய்யாமல் நடுவில் விறைப்பாக நிற்கும், இருந்தும் எல்லோரும் அதன் அபிப்பிராயத்துக்காகக் காத்திருப்பார்கள் என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மாப்பிள்ளையை வாசலில் நிறுத்தி, கதவை மூடவிடுவார்கள். கதவு அவரைத் தொடாமல் திரும்பிப் போனால் பாஸ். "மாப்பிள்ளைக்கு இடிக்கலையே?" என்று கேட்பார் மேலாளர். இடிக்கவில்லை என்றால் பேச்சு முடிந்தது.

ஆஸ்பத்திரி லிஃப்டிலும் மாப்பிள்ளைக்கு இடிக்கவில்லை. கதவின் ஓரத்தில் இரண்டு ஒளிக்கண்கள் இருந்தன. ஒன்று முழங்கால் உயரத்தில், இன்னொன்று நெஞ்சு உயரத்தில். நிற்கிற எவரும் இரண்டில் ஒன்றையாவது மறைத்தே தீருவார்கள்; கதவு நின்றுவிடும். கதவுக்காரி படிவத்தில் டிக் போடப் போனவள், பேனாவைக் கீழே வைத்தாள். ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறுகிறவன் ஏன் நின்றுகொண்டு வரப்போகிறான்?

ஸ்டோர் அக்காவிடம் சொல்லி சக்கரம் வைத்த ஒரு கட்டிலை வரவழைத்தாள். மாப்பிள்ளையைப் படுக்க வைத்தார்கள். கம்பெனி வரலாற்றில் அவர் படுத்தது அதுதான் முதல்முறை. கட்டிலின் சக்கரங்கள் உள்ளே தள்ளியிருந்தன. கால்மாட்டு விளிம்பு மட்டும் வாசலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. கீழ்க்கண் அதற்கு அடியில் பார்த்தது, மேல்கண் அதற்கு மேலே பார்த்தது. இரண்டுக்கும் நடுவில் மாப்பிள்ளையின் பாதங்களைப் பார்க்க ஒருவருமில்லை. கதவு வந்து 'டக்'கென்று இடித்தது. இடித்த பிறகுதான் திறந்தது.

"மரக்கட்டைக்கு வலிக்காது. நீ தப்பா வச்சிருப்பே" என்றாள் ஸ்டோர் அக்கா.

கதவுக்காரி செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே ஏறிப் படுத்தாள். "தள்ளுங்கக்கா."

"வேணாம்டி, சொன்னா கேளு."

"தள்ளுங்கன்னா."

தள்ளினாள். கூரையில் விளக்குகள் நதியில் மிதக்கும் படகுகள் மாதிரி மெதுவாக நகர்ந்துபோயின. படுத்துக்கொண்டு போகிறவனுக்கு உலகம் இப்படித்தான் தெரியும் போலிருக்கிறது, எல்லாம் மேலே, எதுவும் கையில் இல்லை, என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோதே கணுக்காலில் இரும்பு விழுந்தது. அவள் போட்ட சத்தத்துக்குப் பட்டறையே திரும்பிப் பார்த்தது. அந்தக் கம்பெனியில் அவள் குரல் அத்தனை தூரம் கேட்டது அன்றைக்குத்தான்.

வலி அடங்கியதும் யோசித்தாள். தன் கால் நல்ல கால். அறுவை முடித்து, எலும்பில் கம்பி வைத்துக் கட்டி, மயக்கம் தெளியாமல் தள்ளிக்கொண்டு வரப்படுகிற ஒருவரின் கால் அப்படி இல்லை. கத்தக்கூட அவருக்கு நினைவிருக்காது.

மேலாளரிடம் நேரில் போய்ச் சொன்னாள். "கூட்டத்தில சொல்லுங்கம்மா, அதுக்குத்தானே கூட்டம் வச்சிருக்கோம்" என்றார் அவர். வீட்டில் கணவனிடம் சொன்னாள். "நீ மெதுவாச் சொல்லியிருப்ப" என்றான். "சத்தமாத்தான் சொன்னேன்" என்று சத்தமாகச் சொன்னாள். "இப்படிச் சத்தம் போட்டா எவன் கேப்பான்?" என்றான்.

ஸ்பீக்கரிடம் சொன்னால் முடிந்துவிடும். அது அவளுக்குத் தெரியும். அவன் எழுந்து இரண்டு வாக்கியம் சொல்வான், மேலாளர் மேசையைத் தட்டுவார், லிஃப்ட் திரும்பப் பட்டறைக்குப் போகும். கூடவே தலைவர் பதவியும் அவன் மடியில் வந்து விழும். இனி ஆயுள் முழுக்கத் தன் கண்டுபிடிப்புகளைத் தனக்கே உத்தரவாக அவனிடம் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த ஒன்றையாவது தன் வாயால் சொல்லித் தன் பெயரில் நிறுத்துவது என்று முடிவு செய்தாள். அதனால்தான் படிக்கட்டில் அவனைப் பிடித்து அந்த வாக்கு வாங்கினாள்.

"நீங்க சொல்லி அவங்க கேக்கலைன்னா?" என்று கடைசிப் படியில் அவன் கேட்டான்.

"கேப்பாங்க. நீ நடுவுல வராம இருந்தா கேப்பாங்க."

அவன் உதட்டின் மேல் ஒரு விரலை வைத்துக் காட்டினான். அப்படியே உள்ளே போனார்கள்.

கூட்ட அறைச் சுவரில் புதிதாக ஒரு படம் மாட்டியிருந்தது. ஒரு பெண் வாயைத் திறந்துகொண்டிருக்க, கீழே 'பேசுங்கள், கேட்கிறோம்' என்று எழுதியிருந்தது. போன மாதம் பெண்கள் துணிந்து பேசுவது எப்படி என்று பயிற்சி கொடுக்க ஒருவர் வந்து, காலையிலிருந்து தேநீர் இடைவேளை வரை தானே பேசி, கேள்விகளுக்கு நேரமில்லை என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார். அவர் கொடுத்த படம் அது. பெண்கள் அதன் கீழ் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஏசிக் காற்று நேராக அங்கேதான் வரும்.

"முதல்ல ஆஸ்பத்திரி லிஃப்ட்" என்றார் மேலாளர். "கையெழுத்துப் போட்டா இன்னிக்கே வண்டியேத்திடலாம்."

"அங்க ரிப்பன்கூட வாங்கி வச்சாச்சு சார். கத்திரிக்கோல்தான் பாக்கி" என்றார் விற்பனைப் பிரிவுக்காரர்.

கதவுக்காரி எழுந்து நின்றாள். நாற்காலி தரையைக் கீறிய சத்தத்துக்கு எல்லோரும் நிமிர்ந்தார்கள். நல்ல தொடக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

"சார், இதுக்குக் கையெழுத்துப் போடக் கூடாது. கட்டில்ல படுத்து வர்றவங்க கால் ரெண்டு ஒளிக்கண்ணுக்கும் நடுவுல வருது. கதவுக்கு அது தெரியல. இடிச்சிட்டுத்தான் திறக்குது. மேலேயிருந்து கீழே வரைக்கும் வரிசையாக் கண் வைக்கணும். அதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்."

குரல் நடுங்கவில்லை. ஒரு சொல்கூடத் தப்பவில்லை. ஏசி உறுமியது. ஸ்பீக்கர் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான், அவை தாமாக எழுந்து ஏதாவது சொல்லிவிடுமோ என்று பயந்தவன்போல.

மேலாளர் மெல்லக் கைதட்டத் தொடங்கினார்.

விற்பனைக்காரரும் தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

"பார்த்தீங்களா?" என்றார் மேலாளர். அவர் முகம் உண்மையான மகிழ்ச்சியில் மலர்ந்திருந்தது. "எழுந்து நின்னு, பயமில்லாம, எவ்வளவு தெளிவாப் பேசினாங்க! இதுதான் நமக்கு வேணும். பயிற்சி வீண் போகல. குறிப்புல எழுதிக்கோங்கப்பா, இன்னிக்கு பெண்கள் தரப்புல ஒருத்தர் பேசினாங்கன்னு. உட்காருங்கம்மா, உட்காருங்க."

அவள் உட்காரவில்லை. "சார், கதவு இடிக்கும்."

"கேட்டோமேம்மா. அதான் கைதட்டினோமே."

"இடிக்கும் சார். கால்ல."

"மாப்பிள்ளைக்கு இடிச்சுதா?"

"நிக்க வச்சா இடிக்கல. படுக்க வச்சா இடிக்குது."

"மாப்பிள்ளையை எதுக்கும்மா படுக்க வச்சீங்க?"

"இத்தனை வருஷமா நிக்கறாரே, பாவம்னு நினைச்சிருப்பாங்க" என்றார் விற்பனைக்காரர். அறை கொல்லென்று சிரித்தது. மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"எனக்கே அடிபட்டது சார். நானே படுத்துப் பார்த்தேன்."

சிரிப்பு நின்றது. மேலாளர் முகத்தில் கவலை வந்தது. "அடடா. பார்த்து வேலை செய்யணும்மா. பட்டறைன்னா நாலும் இருக்கும். மருந்து போட்டீங்களா? லீவு வேணும்னா எடுத்துக்கங்க."

"நானும் பார்த்தேன் சார், நான்தான் தள்ளினேன்" என்றாள் ஸ்டோர் அக்கா, இருந்த இடத்திலிருந்தே.

"ரெண்டு பேர்! ஒரே நாள்ல ரெண்டு பேர் பேசியிருக்காங்க" என்றார் மேலாளர், குறிப்பு எழுதுகிறவரைப் பார்த்து. "சரி, அடுத்து."

சான்றிதழைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பேனா மூடியைத் திறந்தார்.

கதவுக்காரி நின்றுகொண்டே இருந்தாள். உட்கார்ந்தால் தோற்றதாகிவிடும், நின்றால் மரத்தில் செய்த ஆளாகிவிடுவாள். வெள்ளைத் துணி போர்த்திய ஒரு கட்டிலும், அதன் விளிம்பில் வெளியே தெரிகிற இரண்டு பாதங்களும் அவள் கண்முன் வந்தன. யாருடையவை என்று தெரியாத பாதங்கள். எங்கோ ஒரு வீட்டில் இந்த நேரத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிற பாதங்கள். அவற்றுக்குத் தலைவர் பதவி பற்றி ஒன்றும் தெரியாது. கதவு இடிக்காமல் நின்றால், நிறுத்தியது யார் என்று அவை கேட்கப்போவதில்லை.

பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். அவன் வாயை இறுக மூடியிருந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. எவ்வளவு கீழ்ப்படிதல்! வேறொருவனாக இருந்தால் இந்நேரம் வாக்கை மீறியிருப்பான். அவளும் ஊர் முழுக்க அவனைத் திட்டிக்கொண்டு, உள்ளுக்குள் நிம்மதியாக இருந்திருக்கலாம். இவன் நல்லவனாகப் பிறந்து தொலைத்திருந்தான். ஒரு பெண் சொன்னதை வரிக்கு வரி கேட்கிற ஒரே ஆண் அந்தக் கட்டடத்தில் அவன்தான், அதையும் இன்றைக்குப் பார்த்தா கேட்க வேண்டும்?

பேனா காகிதத்தைத் தொடும் நேரத்தில் மேலாளர் நிறுத்தினார். ஏதோ குறைந்தது அவருக்கு. கதவுக்காரி பேசி முடித்தால் அடுத்த நாற்காலியிலிருந்து ஒரு குரல் வரும். அது வந்த பிறகுதான் ஒரு விஷயம் முடிந்ததாக அவர் காதுக்குப் பழக்கம். இன்றைக்கு அது வரவில்லை. பழக்கம் கெட்ட காதோடு அவர் நிமிர்ந்தார்.

"என்ன தம்பி, நீ ஒண்ணும் சொல்லலியே?"

ஸ்பீக்கர் தலையை ஆட்டவில்லை. ஆட்டக் கூடாது என்று சொல்லியிருந்தாள்.

"உடம்பு சரியில்லையா? ஏன் இப்படி வேர்க்குது? ஏசி அந்தப் பக்கம்தானே வருது?" மேலாளர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். "இந்த லிஃப்டுல உனக்கு ஏதாவது தோணிச்சுன்னா சொல்லுப்பா. நீ சொன்னா கையெழுத்தை நிறுத்தி வைக்கிறேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"சார், ரிப்பன்…" என்றார் விற்பனைக்காரர்.

"இருங்க. தம்பி ஏதோ யோசிக்கறான்."

அறை முழுவதும் அவன் பக்கம் திரும்பியது. பிஸ்கட் கடித்தவர் மெல்லுவதை நிறுத்தினார். ஸ்டோர் அக்கா முன்னால் சாய்ந்தாள். சொல்லு என்கிறாளா, சொல்லாதே என்கிறாளா என்று அவள் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் வாய் திறந்தது. மூடியது. மீண்டும் திறந்தது. பிறகு அவன் மேலாளரைப் பார்க்காமல், மெதுவாகக் கதவுக்காரியின் பக்கம் முகத்தைத் திருப்பினான். அவன் திரும்பியதால் அறையும் திரும்பியது. அத்தனை கண்களும் அவள் மேல் வந்து நின்றன. அவள் அந்த அறைக்கு வரத் தொடங்கிய நாளிலிருந்து, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தது அப்போதுதான்.

"அக்கா," என்றான் அவன், கெஞ்சுகிற குரலில், "நான் சொல்லட்டுமா?"